மாப்பிள்ளையின் சிவப்புப் பூட்டு

என் தங்கை புருஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னால், இரண்டாவது வார்த்தையிலேயே என் பேனாவில் மை தீர்ந்துவிடும். முறைக்கு அவன் எனக்கு மாப்பிள்ளை. 'வாங்க, போங்க' என்றுதான் சொல்ல வேண்டும். எழுதும்போதாவது 'அவன்' என்று எழுதிக்கொள்கிறேன். அந்த ஒரு சந்தோஷமாவது எனக்கு மிஞ்சட்டும்.

பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்கிற ஆலையில் அவன் ஃபிட்டர், நான் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் ஓடினால்தான் எனக்குப் பிழைப்பு. நின்றால்தான் அவனுக்கு வேலை. பாதிப் பகை அதிலேயே அடங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு அவனுடைய பூட்டு போதும்.

மெஷினுக்குள் கை வைக்கிறவன், அதற்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் சுவிட்சை முதலில் அணைத்து, அந்தக் கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவன் சட்டைப்பையில் இருக்கும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசிப் பூட்டும் கழன்ற பிறகுதான் மெஷின் ஓடும். ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் தொடக் கூடாது. கம்பெனி விதி இவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது விதி, இவனுக்கு வேதம். ஒரு போல்ட்டை முறுக்கினால்கூடப் பூட்டுவான். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை மூன்று தடவை அமுக்கிப் பார்ப்பான். அதற்குள் என் உற்பத்தி அரை டன் போயிருக்கும்.

பூட்டோடு ஒரு சிவப்பு அட்டையும் தொங்கும். பேர், நேரம், என்ன வேலை என்று மூன்று வரி எழுதினால் போதும். இவன் முன்னும் பின்னும் கட்டுரை எழுதுவான். 'இந்தச் சுவிட்சைத் தொட நினைப்பவர், தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளவும். நாளைக்கு எண்ணிக்கை குறையலாம்' என்று ஒருநாள் எழுதியிருந்தான். அன்றோடு அவன் அட்டைகளைப் படிப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

'ஏதாவது கோரமான விபத்தைக் கண்ணால் பார்த்திருப்பான், பாவம்' என்று கேண்டீனில் இவனுக்காக உருகுகிறவர்கள் உண்டு. ஒரு மண்ணும் இல்லை. கல்யாணமான புதிதிலிருந்தே இந்தக் குணம்தான். என் தங்கை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "மிக்சி பிளக்கப் புடுங்கினா மட்டும் அவருக்குப் போதாதுண்ணா. ஒயரச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் ஜாரக் கழுவுவாரு." அவளுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வருஷம் முன்பு என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. மாப்பிள்ளையாயிற்றே என்று கூப்பிட்டேன். வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்ட கதை. வந்தவன் வீட்டு மெயினையே அணைத்துப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். வீடு நிறைய விருந்தாளிகள், மின்விசிறி ஒன்றும் சுற்றவில்லை. "அஞ்சு நிமிஷம் சாவியக் குடுங்க" என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"மோட்டார்ல கை வெச்சிருக்கேன். தர மாட்டேன்."

"ஒங்க கைய யாரு இங்க வெட்டப் போறா?"

"வெட்டறவன் சொல்லிட்டா வெட்டுவான்?"

விருந்தாளிகள் முன்னால் எனக்கு வாய் மீறிவிட்டது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவன் வேலையை முடித்து, மெயினைப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆலையில் அவனுக்குச் சொல்ல வேண்டியதை ஆபரேட்டரிடம் சொல்வேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அவன் அட்டையில் எழுதுவான். நான்தான் அட்டையைப் படிப்பதில்லையே.

இன்னொரு சண்டையும் உண்டு. கம்பெனியில் நிரந்தர ஆட்களுக்குத்தான் பூட்டு. கான்ட்ராக்டில் துப்புரவுக்கு வருகிறவர்கள் யாராவது ஒரு ஃபிட்டரின் பூட்டை நம்பித்தான் மெஷினுக்குள் இறங்க வேண்டும். அவர்களுக்கும் ஆளுக்கொரு பூட்டு வேண்டும் என்று இவன் ஏழு கடிதம் எழுதினான். மேனேஜர் என் கருத்தைக் கேட்டார். "இவர் ஒருத்தர் பூட்டுக்கே உற்பத்தி நொண்டுது சார், இன்னும் இருபது பூட்டு வந்தா ஆலைக்கே பூட்டுதான்" என்றேன். மேனேஜர் சிரித்தார். கடிதம் குப்பைக்குப் போனது. அன்றைக்கு எனக்கு அதில் அவ்வளவு திருப்தி.

இனி அந்த நாள். எனக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். கூழ்த்தொட்டி காலையிலிருந்தே நின்றிருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புத் தொட்டி. அடியில் பெரிய இரும்புத் தகடுகள் சுழன்று காகிதத்தைக் கிழிக்கும். பேப்பர்க் கட்டுகளோடு வரும் கம்பியும் பிளாஸ்டிக்கும் அந்தத் தகட்டில் சுற்றிக்கொண்டால், ஒருவர் உள்ளே இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். தொட்டியின் வாய் மேல்தளத்தில் இருக்கிறது, ஏற இருபத்திரண்டு படி. மெயின் சுவிட்ச் கீழே தனி அறையில்.

இவன் மீது நான் முந்தின நாள்தான் மேனேஜருக்குப் புகார் எழுதிக் கொடுத்திருந்தேன்: பத்து நிமிட வேலைக்கு நாற்பது நிமிடம் மெஷினை நிறுத்துகிறான் என்று. அதற்கு மெமோ கொடுக்க மேனேஜர் அவனை இரண்டு மணிக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அது ஆலையின் மறுகோடியில். காலை ஷிப்ட் ஆட்கள் போய்விட்டார்கள். தொட்டிக்குள் துப்புரவு அக்கா இருந்தார். இவன் அவரை மேலே வரச் சொல்லியிருக்கிறான்; ஏறி ஏறி இறங்க முட்டி ஒத்துக்கொள்ளாது, நீ போய்ட்டு வா என்று அவர் சொல்லியிருக்கிறார். உள்ளே ஆள் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டேகால் ஆகியும் சுவிட்சில் சிவப்புப் பூட்டு தொங்குகிறது என்பதுதான். நாலு மணிக்குள் தொட்டி ஓடாவிட்டால் கூழ் இல்லாமல் கீழே அட்டை மெஷினும் நிற்கும். நின்றால் விளக்கம் நான்தான் எழுத வேண்டும். மெமோ வாங்கின கோபத்தில் வேண்டுமென்றே பூட்டைப் போட்டுவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியது. தோன்றியதும் அது எனக்கு நிச்சயமாகிவிட்டது. பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஸ்டோருக்குப் போய் இரும்பு வெட்டுகிற பெரிய கட்டரை எடுத்துவந்தேன்.

அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த ஆபரேட்டர் தயங்கினார். "சார், அட்டை தொங்குதே."

"அவரு அட்டையப் படிச்சு முடிக்கறதுக்குள்ள என் ஷிப்டே முடிஞ்சிரும்."

"மேல ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டுமா?"

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். போய் கன்ட்ரோல் டெஸ்க்ல உக்காரு."

ஒரே அழுத்து. பூட்டு தெறித்துத் தரையில் விழுந்தது. மூன்று வருஷக் கோபம் கைவழியாக இறங்கினதுபோல் சுகமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். கைப்பிடியைத் தூக்கி ஆன் செய்தேன். டெஸ்க்குக்குப் போய், ஆபரேட்டரை நகரச் சொல்லி நானே பச்சைப் பட்டனை அமுக்கினேன்.

ஓடவில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். கட்டைவிரல் வெளுக்கும்வரை அமுக்கினேன். மேலே தொட்டிக்குப் பக்கத்தில் அவசர நிறுத்தப் பட்டன் ஒன்று உண்டு; அதையும் அமுக்கிவிட்டுப் போயிருப்பான், நாசமாய்ப் போனவன் என்று திட்டிக்கொண்டே படி ஏறினேன்.

தொட்டி விளிம்பில் ஏணியின் நுனி தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தகட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அந்த அக்கா கம்பி அறுத்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"யாரு, சூப்பர்வைசர் சாரா? இந்த வாளிய மட்டும் வாங்கி வைங்க சார், ரொம்பிடுச்சு."

வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று தெரியவில்லை. வாளியை வைத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி, முதலில் அந்தச் சுவிட்சை அணைத்தேன். பிறகு சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று காலி இடம். தரையில் அட்டை கிடந்தது. அன்றைக்கென்று கட்டுரை எதுவும் இல்லை. 'உள்ளே அக்கா இருக்கிறார். நான் ஆபீசில். என்னைக் கூப்பிடவும்.' அவ்வளவுதான்.

அவன் வந்தபோது நான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கையில் மடித்த மெமோ இருந்தது. அறுந்த பூட்டைப் பார்த்தான், கட்டரைப் பார்த்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். அவனோ மேலே போய் அக்காவை ஏணியில் கைபிடித்து ஏற்றிவிட்டான். கீழே வந்து பதிவேட்டை எடுத்து, என் கண் முன்னாலேயே எழுதினான்: 'ஆள் உள்ளே இருக்கும்போது இடத்தை விட்டுப் போனது என் தவறு. அட்டையைப் படிக்காமல் பூட்டை அறுத்தது சூப்பர்வைசரின் தவறு.' நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டான். அந்த இரண்டாவது வரியில் என் பதவி போகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகத்தான் செய்தது.

பிறகு பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். மூன்று ஃபியூஸ்.

மூன்று வருஷம் கழித்து முதல் தடவையாக அவனிடம் வாய் திறந்தேன். "பூட்டுதான் போட்டிருந்தீங்களே. அப்புறம் எதுக்கு ஃபியூஸையும் புடுங்கிட்டுப் போனீங்க?"

ஃபியூஸைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"பூட்டு மத்தவங்களுக்கு மச்சான். ஃபியூஸப் புடுங்கினது ஒங்களுக்காக."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். என்னை அவ்வளவு சரியாக எடை போட்டு வைத்திருந்தான். அந்த எடை கொஞ்சம் தப்பாக இருந்திருந்தால் என்றைக்கோ அவனை மன்னித்திருப்பேன்.