மூன்று எண்ணுவதற்குள்

பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் பஸ் நேரம் அறிவிக்கும் சின்ன அறைதான் இப்போது என் வேலையிடம். மேஜையில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு கேசட் பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே கேசட் இல்லை. மஞ்சள் துண்டு கோத்த ஒரு காப்புக் கயிறு இருக்கிறது. கயிறு எப்போதோ வெளுத்துவிட்டது, மஞ்சள் துண்டு சுருங்கிக் கல்லாகிவிட்டது. கட்டியிருந்தவர் முடிச்சை அவிழ்க்காமல் அதற்குப் பக்கத்தில் பிளேடால் அறுத்ததால் முடிச்சு மட்டும் அன்று போட்டபடியே இருக்கிறது. திருவிழாக் காப்பை அறுத்தால் தண்ணீரில் விட வேண்டும், வைத்திருந்தால் ஆகாது என்று என் மாமியார் சொல்லாத நாளில்லை. நான் கேட்டதில்லை. அதைத் தண்ணீரில் விடும் உரிமை எனக்கு இல்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அதை எனக்குக் கொடுத்தவர் அண்ணன். உடன்பிறந்தவர் இல்லை. கோயில் திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சி நடத்தும் குழு ஒன்றில் ஆறு வருடம் நான் அறிவிப்பாளராக இருந்தேன். அந்தக் குழுவின் உயிர் அண்ணன்தான். மேடையில் ஆடியவர்கள் ஆறேழு பேர் என்றாலும் கூட்டம் வந்தது ஆட்டத்தைப் பார்க்க அல்ல, ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அண்ணனின் விரல்களைப் பார்க்க. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவது அவர் கையில் யாருக்கும் தெரியாது. கும்மிப் பாட்டின் அடி அப்படியே டிஸ்கோ அடியாக மாறும். ஆடிக்கொண்டிருந்தவன் கால் மாறாமலே வேறு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பான். லப்பைக்குடிகாட்டைச் சேர்ந்த அவருடைய சிநேகிதர் ஒருவர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம், துபாயிலிருந்து மிக்சரும் இரண்டு சி.டி. பிளேயரும் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் பெயருக்கு முன்னால் டி.ஜே. என்று போஸ்டரில் போடச் சொன்னவரும் பாய்தான். செந்துறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதை இனிஷியல் என்று நினைத்துக்கொண்டு, "அப்பாரு பேரு என்னங்க?" என்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன். அவருக்கு அந்தப் பேர் தெரிந்திருந்தது. முகம் கொஞ்சம் மாறியது.

அண்ணனின் அப்பா செந்துறைப் பக்கம் தன் சொந்த ஊர்த் திருவிழாவில் பறை அடித்தவர். காப்புக் கட்டிய நாளிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை பத்து நாளும் அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எப்போது கூப்பிட்டாலும் வந்து அடிக்க வேண்டும், கோயிலுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் செருப்பில்லாமல் நிற்க வேண்டும். அவர் கையில் யாரும் காப்புக் கட்டியதில்லை, கட்டாமலே கட்டுப்பட்டவர். அண்ணன் அரியலூருக்கு ஓடிப்போய் ரேடியோக் கடையில் சேர்ந்ததே அந்த மரத்தடிக்குத் தான் வரக் கூடாது என்பதற்காகத்தான். இதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். அம்மா மட்டும் அந்த ஊர்க் காலனியிலேயே இருந்தார். வரச் சொல்லியும் வரவில்லை.

எனக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அண்ணன். ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். "மைக்குல சத்தமில்லாம மூணு எண்ணக் கூடாது தங்கச்சி. மூணு எண்ணுனா ஜனம் எந்திரிச்சுப் போயிடும்." என் வாய் அதற்குப் பழகிவிட்டது. பாட்டு நின்றால் போதும், மனசு யோசிப்பதற்கு முன்னால் வாய் பேசிவிடும். என் மைக்கின் வயரும் அவருடைய மிக்சருக்குள்தான் போனது. ஒருமுறை ஜெயங்கொண்டம் பக்கம் மேடையில் இருந்த தலைவருக்குப் பதில் அவருடைய எதிராளியின் பெயரைச் சொல்லப் போனேன். முதல் எழுத்து வந்ததும் என் மைக் செத்துவிட்டது. பாட்டு ஏறிவிட்டது. தலைவர் கைதட்டினார். அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதட்டோரம் மட்டும் சிரித்தார். அவ்வளவு வேகம் அவர் விரல்.

அவர் புகழ் உச்சத்தில் இருந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய மூன்று நான்கு வருடங்கள். சிமெண்ட் லாரியின் பின்பக்கத்திலிருந்து கல்லங்குறிச்சி ரோட்டு மதில்வரை அவர் படம்தான். அந்தச் சமயத்தில்தான் பாய் துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் அவருக்கு வேலை பேசி முடித்தார். விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம், அதை விட்டால் விசா காலாவதி. குழுவில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. "சொன்னா புள்ளைங்க வேலைக்கு எங்க போகும்னு அழும். போயிட்டுச் சொல்லிக்கறேன்" என்றார். நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான். அப்பா படுத்த படுக்கையாக இருந்த வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. அவர் போனால் குழு ஒரு வாரம்கூட நிற்காது என்று எனக்குத் தெரியும்.

போவதற்கு முன்னால் கடைசி நிகழ்ச்சி அவருடைய சொந்த ஊரில். திருவிழாவின் முதல் நாள் மட்டும் என்று பேச்சு. அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரம், மேடைக்கு முன்னால் ஊரே திரண்டிருந்தது. திருவிழாவை நடத்தும் பெரியவரான ஊர் நாட்டார், சாமிக்குக் காப்புக் கட்டிவிட்டுத் தாம்பாளத்தோடு நேராக மேடைக்கு ஏறி வந்தார். அண்ணன் பாட்டை நிறுத்தி எழுந்து நின்றார். நாட்டார் தாம்பாளத்திலிருந்து ஒரு காப்பை எடுத்தார். "தம்பி, நீ இந்த ஊருப் புள்ள. இந்த வருசம் உனக்கும் காப்புக் கட்டணும்னு ஊரு முடிவு பண்ணியிருக்கு. பத்து நாளும் இருந்து சிறப்பிச்சுக் குடுக்கணும். என்ன சொல்ற?" என்றார். நாட்டாரின் தெருவிலிருந்து ஒரு கை அண்ணன் வீட்டாரின் கையைத் தொட வந்தது அதுதான் முதல் தடவை. கூட்டத்தின் கடைசியில் அவருடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மேடையிலிருந்து தெரிந்தது.

அண்ணன் மிக்சர் மேல் கை வைத்தபடி குனிந்துகொண்டார். ஒன்று. இரண்டு. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"ஊரின் அன்புக்கு அண்ணன் என்றும் கட்டுப்பட்டவர்! பத்து நாளும் உங்களோடுதான் இருப்பார்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில் பாய் கார் எடுத்துக்கொண்டு வந்தார். காப்புக் கட்டியவர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் ஊர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கார் நின்றது, இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். நடுவில் பத்தடி இருக்காது. பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "அறுத்துப் போட்டுட்டு ஏறு மாப்ள. அல்லாவுக்காக ஏறு. நான் எத்தன பேரு கால்ல வுழுந்து வாங்குன விசா தெரியுமா?" என்றார். நானும் சொன்னேன், "போயிடுங்கண்ணே." அந்த வார்த்தையை அப்போது முழு மனசோடுதான் சொன்னேன், அதுவாவது உண்மை. அண்ணன் கயிற்றைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தார். "அம்மா இந்த ஊர்லதான் இருக்கு பாய். நாளைக்கு மழ பேயலன்னா அதுகிட்டதான் கேப்பானுங்க" என்றார். அதற்குள் எங்களைத் தேடி நாலைந்து இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்கள். டீ வாங்கி வந்திருந்தார்கள். "தலைவா, சாமி பொறப்படுது, நீங்க இல்லாம எப்படி?" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அன்று அவரைச் சூழ்ந்திருந்தது முழுக்க அன்புதான். அதில் எந்தப் பக்கம் கதவு என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பாய் காரைத் திருப்பும்வரை அண்ணன் கல்லருகிலேயே நின்றார்.

பத்தாம் நாள் எல்லோரும் காப்பை அறுத்துக் கோயில் கிணற்றில் போட்டார்கள். அண்ணன் தன் காப்பை ஒரு காலிக் கேசட் பெட்டிக்குள் வைத்து என்னிடம் நீட்டினார். "நீ வெச்சிரு" என்றார். அவ்வளவுதான். அதைவிட என்னை நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. செய்தி பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. அங்கே மட்டும் பத்து நாள், எங்கள் ஊரில் மட்டும் ஒரு நாளா என்று ரோஷம் கிளம்பிவிட்டது. பங்குனியில் ஓர் ஊர் காப்புக் கட்டினால் அது அறுந்த மறுநாள் சித்திரைக்கு இன்னோர் ஊர். போஸ்டரில் அவர் படம் பெரிதாகிக்கொண்டே போனது, அவர் நடமாடும் இடம் சிறிதாகிக்கொண்டே வந்தது. புதுப் பாட்டு வாங்கச் சென்னைக்குப் போக நேரமில்லை. அவருடைய பெண் குழந்தை பிறந்தபோது அவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர் எல்லைக்குள் இருந்தார். பதினொரு நாள் குழந்தையாகத்தான் பார்த்தார். மேடையில் அதே பத்துப் பாட்டு, அதே இணைப்பு, அதே கைதட்டல். அவர் முகத்தில் சிரிப்பு வருவது நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை; அவர்கள் விரலைத்தானே பார்த்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் பாட்டுப் போடும் பையன்கள் வந்தார்கள், இரண்டே வருடத்தில் மதில்களில் வேறு படங்கள் ஏறின. குழு கலைந்தது. எனக்கு இந்தப் பேருந்து நிலைய வேலை கிடைத்தது.

இங்கே சேர்ந்த புதிதில், இரண்டாயிரத்து ஏழாம் வருடம் என்று நினைவு, ஒரு மதியம் அண்ணன் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அரியலூரில் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தார். "நல்லாருக்கியா தங்கச்சி? குரல் கேட்டுச்சு, நீதான்னு வந்தேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் பாதி குடிப்பதற்குள் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் வாய் தவறிச் சொல்லலண்ணே. நீங்க போயிட்டா என் வூட்டுல உலை கொதிக்காதுன்னு மனசுல இருந்துச்சு. அதான் சொன்னேனா, பழக்கத்துல சொன்னேனான்னு எனக்கே தெரியல. என்ன மன்னிச்சிடுங்க."

அண்ணன் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். என் மேஜை மேல் இருந்த கேசட் பெட்டியைப் பார்த்தார்.

"உன் மைக்கு யாருகிட்ட இருந்துச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"எங்கிட்டதானே இருந்துச்சு. வேணாம்னா மொத எழுத்துலயே சத்தத்த எறக்கியிருப்பேன்ல. விரல் அது மேலதான் இருந்துச்சு தங்கச்சி. நாட்டாரு கையில கயிறு இருந்துச்சு, அம்மா பாத்துக்கிட்டு இருந்துச்சு. எதிர்த்தாப்புல அந்த வேப்பமரம். எறக்க மனசு வரல. நீ சொல்லிட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு." டம்ளரை மறுபடி கையில் எடுத்து, "அத வூட்டுல வெச்சா தெனம் பாக்கணும். அதான் உங்கிட்ட குடுத்தேன்" என்றார்.

அரியலூர் பஸ் வந்து நின்றது. நான்தான் அறிவிக்க வேண்டும். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை உயர்த்தினார். அழுதுகொண்டே அறிவித்தேன், யாருக்கும் தெரிந்திருக்காது, இந்த ஒலிபெருக்கியில் எல்லாக் குரலும் ஒன்றுதான்.

பாரம் குறைந்ததா என்றால் இல்லை. அதுவரை குற்றம் என்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது பெட்டியைத் திறந்தால் அவர் விரலும் தெரிகிறது, அசையாமல். கயிறு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நான் செய்வதெல்லாம் ஒன்றுதான். தினமும் காலையில் சென்னை பஸ் வந்ததும் மைக்கைப் போடுவேன். உடனே பேச மாட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். கீழே மூட்டை முடிச்சோடு ஜனங்கள் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். மூன்று எண்ணியும் இதுவரை யாரும் எழுந்து போகவில்லை.