நீலத் தண்ணீரும் மணலி மாப்பிள்ளையும்

தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை வீணாகக் கொட்டினால் முதுகில் ஒன்று விழும். லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதனால் அம்மாவின் தங்கையான என் சித்தி சட்டமே போட்டிருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர் பெயின்ட் டப்பாவில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு. காய்கறி கழுவியது வாசல் தெளிக்க. துணி அலசியதைப் பக்கெட்டில் பிடித்துவைத்துக் கக்கூசுக்கு ஊற்ற வேண்டும். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையெல்லாம் எங்கள் தெருவுக்கு அப்போது வந்து சேரவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மணலியிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று அப்பா காலையிலிருந்தே சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பஸ்ஸில் புழுதியோடு வந்து இறங்கிய மாப்பிள்ளை, முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்.

"அந்தக் கடைசி பக்கெட்ட எட்த்துகினு போய் குடுடி" என்றாள் சித்தி, சமையலறையிலிருந்து.

கொடுத்தேன். அன்று வெள்ளைத் துணிகளுக்கு அம்மா நீலம் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தாள். பக்கெட்டும் நீல நிறம் என்பதால் எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. முகத்தைத் துடைத்த வெள்ளைக் கர்ச்சீப் மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னா இது, நீலமா கீது?"

அப்பா மறுபடியும் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அம்மா காபித் தட்டோடு அப்படியே நின்றாள். சித்திதான் வெளியே வந்து நிதானமாகச் சொன்னாள்:

"துணி அலசின தண்ணிங்க. கக்கூசுக்கு வெச்சிருந்தது."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளை கர்ச்சீப்பைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வூட்ல லாரி வந்த மறுநாளே டிரம்மு காலி. இவங்க வந்து எங்கம்மாக்குக் கத்துக் குடுத்தா தேவல."

அவருடைய அம்மாவும் சிரித்துவிட்டார். அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார். அன்றே தேதி குறித்தார்கள்.

அவர்கள் போனதும் அடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். சித்தி என்னை வெளியே இழுத்துக் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"அழாதடி, நீ சரியாத்தான் குட்த்த."

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நம்பி, மீந்த கேசரியைச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தப் பக்கெட்டில் எந்தத் தண்ணீர் என்று சொல்லக்கூடியவள் என் சித்தி. ஆயுசுக்கும் கூட இருக்கப்போகிறவருக்குக் கோபம் எவ்வளவு வரும் என்று அவள் ஒரு பக்கெட் அழுக்குத் தண்ணீரை வைத்தே பார்த்துவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.