சுதாவின் ஜன்னல் பெஞ்சு

இன்று திங்கட்கிழமை. காலையில் சரோஜினி நகரில், அக்கா மகள் சுதாவின் பள்ளிக்குப் போனேன். டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"திங்கக்கிழமை வந்தா சுதா ஒரே கத்தல். எங்களால முடியாது சார்," என்றார் டீச்சர்.

திங்கட்கிழமைதான் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வரிசை தள்ளி உட்கார வேண்டும். அது பள்ளி வழக்கம்.

"அவளுக்கு ஆட்டிசம். இடம் மாறினா தாங்காது."

டீச்சர் அந்தச் சொல்லையே இப்போதுதான் கேட்கிறார். எனக்குப் பாடம் நடத்தப் பொறுமையில்லை.

"மேல ஃபேனைப் பாருங்க. றெக்கை சுத்துது, தண்டு நிக்குதில்ல? மத்தவங்களைச் சுத்த விடுங்க. இவ ஜன்னல் பெஞ்சுலயே இருக்கட்டும்."

"அச்சா, இன்ஜினியரா! சரி, இன்னிக்குப் பார்க்கலாம்."

மணி அடித்தது. பெஞ்சுகள் இரைந்தன, பைகள் இடம் மாறின. சுதா காதைப் பொத்திக்கொண்டாள். நானும் டீச்சரும் அவளையே பார்த்தோம்.

சத்தம் அடங்கியது. சுதா கையை எடுத்தாள். சிலேட்டை எடுத்து, போர்டில் இருந்த கணக்கைப் போட ஆரம்பித்தாள்.

கத்தல் இல்லை. டிசியும் இல்லை. டீச்சரே சொல்லிவிட்டார்!

உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், நானும் தண்டு!"

அது டீச்சர் பாடு. சின்ன வயதில் வகுப்பில் இடம் மாற்றியபோது நீங்கள் யாரும் அழவே இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.