அத்தை வரைந்த வெள்ளைச் சீலை

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலாகத்தான் வரும். பாதி மறந்தும் போச்சு. பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலமாசி வீதியில் அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். செத்துப்போனவர்களின் போட்டோவைக் கொண்டுவந்து, பெரிசாக ஆயில் பெயிண்டிங் போட்டுத் தர முடியுமா என்று ஆட்கள் கேட்பார்கள். அப்பாவுக்குக் கை வராது. அவர் தங்கைக்கு வரும். அந்த அத்தை கல்யாணமான வருசமே புருசனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சீலையோடு எங்க வீட்டுக்குத் திரும்பி வந்தவள்.

தாத்தா முதலில் சம்மதிக்கவில்லை. "வீட்டுக்குள்ள இருந்துதானப்பா செய்யப் போறா" என்று அப்பா கெஞ்சிய பிறகு, பின்கட்டு அறையை மட்டும் விட்டார்.

பழக மாதிரி வேண்டுமே. ஸ்டூடியோவுக்கு வந்த காலேஜ் வாத்தியார் ஒருத்தர், சீமைப் புத்தகத்திலிருந்து ஒரு கலர்ப் படம் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் வரைந்ததாம். மரத்தடியில் வெள்ளைக் கவுன் போட்ட பொம்பளை. எட்ட நின்றால் அம்புட்டு அழகு. கிட்டப் போனால் வெறும் திட்டுத் திட்டு. "பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு போல" என்று அம்மா சிரித்தாள்.

அத்தை முதல் தடவை கவுனுக்கு வெள்ளையை அப்பினாள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது. அப்புறம் ரெண்டு நாள் மூக்கு உரச அந்தப் படத்தையே பார்த்தாள்.

"ஏத்தா, இங்க வா. இந்தக் கவுன்ல வெள்ளை எங்க இருக்குன்னு காட்டு."

தேடினேன். நீலம் இருந்தது, ரோசு இருந்தது, மஞ்சள், இலைப்பச்சை எல்லாம் இருந்தது. வெள்ளை ஒரு பொட்டுக்கூட இல்லை.

மூணாவது நகல் சரியாக அமைந்தது. அடுத்து, மனுசரைப் பார்த்து வரைய வேண்டுமென்று கண்ணாடி வைத்துத் தன்னையே வரைந்தாள். தன் சீலைக்கும் ரோசும் பச்சையும் தீட்டினாள். எனக்குப் பயமாகிவிட்டது. அத்தை பூ வைக்கக் கூடாது, கலர்ச் சீலை தொடக் கூடாது என்பதெல்லாம் எட்டு வயசிலேயே எனக்குத் தெரியும். மத்தியானம் தாத்தா சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"அத்தை படத்துல கலர்ச் சீலை கட்டியிருக்காக."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த அறையும் போச்சென்று நினைத்திருப்பாள். அத்தையின் கல்யாணப் பட்டுச் சீலையைப் பெட்டியிலிருந்து எடுத்து யாருக்கோ கொடுத்தவர் தாத்தாதான். பாதிச் சோற்றில் எழுந்து போனார்.

அறை வாசலில் நின்றார். அத்தை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். தாத்தா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெள்ளையாத்தான இருக்கு."

"இல்ல தாத்தா, கிட்டப் போயிப் பாருங்க." கையைப் பிடித்து இழுத்தேன். மனுசர் அசையவில்லை.

"எனக்கு இங்கேருந்து தெரியுறது போதும். நீ போயிச் சோத்தைத் தின்னு, கழுத."

உண்மை சொன்னதற்குத் திட்டா என்று எனக்கு அழுகை. தாத்தாவுக்குக் கண்ணு போச்சு என்று அம்மாவிடம் முறையிட்டேன். மறுநாள் அதே தாத்தா, கண்ணாடி போடாமல் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படித்து நல்ல நேரம் சொன்னார். அப்பவும் எனக்கு ஒண்ணும் உறைக்கவில்லை.

அந்தக் கவுன்காரி கையில் இருந்தது குடையா விசிறியா, வாத்தியார் கொடுத்தது எந்த வருசம், எதுவும் நிச்சயமில்லை. தம்பி வீட்டு டிரங்குப் பெட்டியில் படங்கள் கிடக்கும். யாராவது பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தாத்தா நிலைப்படி தாண்டவில்லை என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.