அந்துப்பூச்சி அறையின் கதவு

அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது எங்கள் லேப். தேக்குக் காட்டில் புழு விழுந்து மரத்தை மொட்டையடித்தால் இங்கிருந்துதான் குளவி போகும். குளவி என்றதும் பயந்துவிடாதீர்கள், கடுகில் கால்வாசிகூட இருக்காது. புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து, புழு பிறக்கும் முன்பே அதன் கதையை முடித்துவிடும்.

அந்தக் குளவியை வளர்க்க அந்துப்பூச்சி முட்டை வேண்டும். அந்துப்பூச்சியை வளர்க்க முத்துமாரி வேண்டும். கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து பதினோரு வருஷமாக வருகிறாள். தட்டுகளில் உடைத்த கம்புத் தானியத்தைப் பரப்பி முட்டை தூவுவாள். புழு வளர்ந்து பூச்சியானதும் பிடித்து, அது இடும் முட்டையைச் சலித்தெடுப்பாள். பூச்சிக்கு ஞாயிறும் தெரியாது, பொங்கலும் தெரியாது. அதனால் இவளுக்கும் கிடையாது. இறக்கைத் தூள் அவள் தலைமுடியில், புடவையில், நெஞ்சுக்குள். மாடி ஏறினால் இழுப்பு வந்துவிடும். உதவிக்கு வைத்த மூன்று பேரும் தும்மியே ஓடிப்போனார்கள். இவளால் ஓட முடியாது. புருஷனுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ், அது நடப்பதே இவளுடைய இ.எஸ்.ஐ. அட்டையில்தான்.

வைகாசியில் மகள் ஸ்நேஹாவுக்கு ஏழாம் மாதம். பழவேற்காட்டில் அவள் மாமியார் வீட்டுக்குப் போய் வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஆனால் ஸ்நேஹாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குள் இந்தத் தூளோடு போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முத்துமாரி முதலாளி கணேசமூர்த்தியிடம் போய் நின்றாள்.

"ரெண்டு மாசம் லீவு குடு சார். பொண்ணுக்குத் தலைப்பிரசவம்."

"நீங்க போனா பூச்சிய யாரு பாப்பா? மழை பெஞ்சா தேக்குல புழு எறங்கிடும். சீசன் முடியட்டும்மா, பாக்கலாம்."

பிரசவம் என்ன சீசன் பார்த்தா வரும்? எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொங்கி என்ன, என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

நான் எதிர் அறைக்காரி, ஜெயபாரதி. நான் வளர்ப்பது வேறு ஜாதிக் குளவி. அது வளர்ந்த புழுவையே கொட்டி மயக்கி, மேலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் புழுவை உறிஞ்சித் தீர்த்துவிடும். என் குளவி நாலு அவள் அறைக்குள் புகுந்தால் போதும், அத்தனை தட்டும் சுடுகாடு. அதனால்தான் நடுவில் இரண்டு வலைக்கதவு, இரண்டுக்கும் கொக்கி.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், என் கூண்டின் மூடி விலகியிருக்கிறது, இரண்டு கதவும் ஆவென்று திறந்திருக்கின்றன. நடுவில் முத்துமாரி நிற்கிறாள்.

"இன்னாக்கா இது?"

"மூச்சு முட்டிக்கினு கீது பாரதி. தலைக்கு மேல போயாச்சு, ஜாண் இன்னா, மொழம் இன்னா."

நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. கீழே இறங்கி டீ குடிக்கப் போனேன். அரைமணி கழித்துத்தான் திரும்பினேன்.

மூன்று வாரத்தில் எல்லாத் தட்டிலும் புழு கறுத்துச் செத்துக் கிடந்தது. முத்துமாரி பஸ்ஸுக்குப் பையைக் கட்டிவிட்டாள்.

"பூச்சியே இல்ல சார், நான் இன்னாத்துக்கு? போய்ட்டு வரேன்," என்றாள். பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்ட குரல்.

கணேசமூர்த்தி தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். திட்டு விழுந்தால் நான்தான் மூடியைத் திறந்தேன் என்று சொல்லிவிடத் தயாராக நின்றேன். அவர் யாரையும் சந்தேகப்படவே இல்லை. மறுநாள் பெங்களூரிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் அந்துப்பூச்சி முட்டை வரவழைத்து, அவள் கையில் வைத்துக் கும்பிட்டார்.

"நூறு தட்டு மறுபடி ஆக்கணும்னா உங்களால மட்டும்தான் முடியும். நாலு மாசம்மா. ஒருநாள்கூட நகரக் கூடாது. தேக்கு ஆர்டர் போச்சுன்னா லேபையே மூடிடுவேன்."

லேப் மூடினால் அட்டையும் போச்சு. பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

ஆடி கடைசியில் ஸ்நேஹாவின் மாமியார் வீட்டிலேயே பேரன் பிறந்தான். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று, முகமூடியைக் கழற்றாமல், போனில் குழந்தையைப் பார்த்தாள்.

"நீ எப்பம்மா வர்ற?" என்று ஸ்நேஹா கேட்டது எனக்கும் கேட்டது.

"வரேன்டி," என்று வைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய்க் கொக்கியை மாட்டி, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.