வெள்ளையடிக்காத சுவர்

ஏற்காட்டில் தெரிந்தவர் வீட்டு வேலியில்தான் அந்தக் கொடி ரோஜாவை முதலில் பார்த்தேன். கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ; கிட்டே போனால் கஸ்தூரி வாசம். ஒரு பதியன் கேட்டு வாங்கி வந்து, திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரோரம் நட்டேன். "குளிர்ல கெடந்த செடி, இந்த வெயில்ல பூக்குமா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். கொடி என்னவோ மாடிவரை ஏறியது. பூக்கத்தான் இல்லை.

காரணம் வெயில் மட்டுமில்லை, என் வீட்டுக்காரரும்தான். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகிற மனிதர், பொங்கலுக்குத்தான் ஊர் திரும்புவார். போகியன்று வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவதற்குள் வீடு முழுக்க வெள்ளையடித்தாக வேண்டும். பெயிண்டர் வந்ததும் முதல் வேலையாகக் கொடியை ஒட்ட அறுத்துப் போட்டுவிடுவார். மறுபடி தழைக்கும், மறுபடி வெட்டு. ஒரு பங்குனியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் அரிவாளுக்குத் தப்பிய பழைய கொம்பில் ஒரேயொரு மொட்டு வந்து, விரியாமலே உதிர்ந்தது. முந்தின வருஷத்துக் கொம்பில்தான் இது பூக்கும். நாங்களோ வருஷா வருஷம் அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மார்கழியில் பெயிண்டர் ஏணியைச் சாத்தியதும் நான் கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஏம்புள்ள, நகரு. சொந்தபந்தமெல்லாம் வர்ற நேரம், பாசி புடிச்ச செவுரக் காட்டுவியா?" என்றார் வீட்டுக்காரர்.

"காட்டுவேனுங்க. இதுல கை வெச்சா நானும் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன்."

பெயிண்டர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். என் வாயை எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு கொடிக்காகவா என்றால், ஆமாம். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டுக் கதவின் நிறத்தைக்கூட யாரும் என்னைக் கேட்டு முடிவு செய்ததில்லை. இந்த ஒன்றிலாவது என் பேச்சு நிற்க வேண்டும். வீட்டுக்காரர் திரும்பி உள்ளே போனார். மூன்று சுவர் பளீரென்று, ஒன்று அழுக்காக, அப்படியே காப்புக் கட்டினோம். விருந்துக்கு வந்த நாத்தனார், "ஏனுங்க அண்ணி, சுண்ணாம்பு தீந்து போச்சுங்களா?" என்றாள்.

வண்டி பழுதானதால் அவர் அந்த முறை வடக்கே கிளம்பவில்லை. தினமும் பல் விளக்கிக்கொண்டே கொடியை அண்ணாந்து பார்ப்பார். அதற்கு இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. தை போனது. மாசியில் வெயில் ஏறியது. பழைய சேலையைக் கட்டி நிழல் போட்டேன், வேரைச் சுற்றித் தேங்காய் மட்டை பரப்பினேன். வாயை விட்டுவிட்டோமே என்று விடிந்ததும் ஒவ்வொரு கொம்பாக மொட்டுத் தேடினேன். பூக்காவிட்டால் இனி இந்த வீட்டில் எதற்கும் வாய் திறக்க முடியாது.

மாசிக் கடைசியில் ஒரு காலை, குழாயடிக்குப் போனவள் வாசம் பிடித்து நின்றுவிட்டேன். சேலை நிழலில் ஒரு கொத்து விரிந்திருந்தது. அவரைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தார்.

"இத்துனூண்டு பூவுக்கா இத்தன சண்ட?"

"ஆமாங்க. இதுக்குத்தான்."

உச்சி வெயிலுக்குள் கொத்து கருகி உதிர்ந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன்.

இந்தப் பொங்கலுக்கும் பெயிண்டர் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மறுபடி போய் மறித்து நிற்க வேண்டுமே என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குள் வெளியே வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"அந்தப் பக்கம் போகாதய்யா. அது அவ செவுரு."