மக்கீன் வெயிலில் வைத்த தூள்

கட்டுகஸ்தோட்டைப் பாடசாலையொன்றில் பதினெட்டு வருடம் இரசாயன ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர் மக்கீன். அவருக்கு இருந்த ஒரே பகை ஈரம். மகாவலி ஆற்றங்கரையில் அலுமாரிக்குள் எதை வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்டால் போதும், உப்பு, வடிதாள், தூள் எல்லாம் ஜன்னலோர வெயிலுக்கு வந்துவிடும். யாரும் கேட்காமலே செய்வார். வேண்டாமென்றால் இன்னும் கூடச் செய்வார்.

1997இல் ஒரு புதன்கிழமை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பாலாம்பிகை டீச்சர் உயர்தர வகுப்புக்குப் பாடம் நடத்த, மக்கீன் மூலைத் தொட்டியில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தார்.

“அல்டிகைட்டிலயும் கீற்றோனிலயும் ஒட்சிசன் இலத்திரனைத் தன்ரை பக்கம் இழுக்கும். பக்கத்துக் காபனுக்குக் குறை விழும். சோடி இலத்திரனோட வாற கருநாடி அந்தக் காபனைத்தான் தாக்கும்” என்றார் டீச்சர். அசற்றோன் என்ற கீற்றோனில், ஒரு தூளைக் கரைத்து வைத்திருந்த கரைசலை விட்டார். செம்மஞ்சளாக வீழ்படிவு இறங்கியது. கரைசலும் அத்தோடு தீர்ந்தது.

புதிதாகக் கரைக்க அந்தத் தூள் போத்தலை எடுத்தார். “இந்தத் தூளில இருக்கிற நைதரசன்தான் எங்கடை கருநாடி. இதை எப்பவும் ஈரமா வைச்சிருக்க வேணும். காய்ஞ்சால், மூடியைத் திருகிற உரசலே வெடிக்கப் போதும்.”

மக்கீனின் கையிலிருந்த குழாய் தொட்டியில் விழுந்து உடைந்தது. திங்கட்கிழமை அந்தத் தூளை வெயிலில் பரப்பி, பொலபொலவென்று காயவைத்து அடைத்தவர் அவரேதான். டீச்சரின் விரல்கள் மூடியில் இருந்தன. சொன்னால் முப்பது பிள்ளைகள் முன்னால் மானம் போகும், வேலையும் போகலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“தெறக்காதீங்க டீச்சர்! நான் அதைக் காய வெச்சிட்டேன்!”

டீச்சரின் கை அப்படியே நின்றது. போத்தலை மெல்ல மேசையில் வைத்தார். “பிள்ளையள், ஓடாமல் வெளியில போங்கோ.”

மக்கீன் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். டீச்சர் கை நீட்டியபோது தடுத்தார். “நான் செஞ்ச வேலை. நானே வைக்கிறேன். நீங்க தள்ளிப் போங்க.” மூச்சை அடக்கிக்கொண்டு போத்தலை மூடியோடு அமிழ்த்தினார். இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் குமிழி வந்தது. வாளியை அங்கேயே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தார்.

திட்டு விழுமென்று நின்றார். டீச்சரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

“மக்கீன் நானா, திங்கட்கிழமை அந்த மூடியை எப்பிடிப் பூட்டினனீங்கள்?”

“ஈரம் உள்ள போயிடக் கூடாதேன்னு துணியால புடிச்சு, பல்லைக் கடிச்சிட்டு இறுக்கினேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் திங்கட்கிழமை தான் திருகியது எதை என்று மக்கீனுக்கு உறைத்தது. வராந்தாவிலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.